அரிசோனாவில் முதல் ஹாவலீனா வேட்டை: உரிமம் முதல் உறைபெட்டி வரை

அரிசோனா பாலைவனத்தில் ஹாவலீனா வேட்டைக்குச் செல்ல விரும்பியும் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் ஆண்டு விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டேன். இரண்டாம் ஆண்டு டேக் (வேட்டையாடக் குலுக்கலில் கிடைக்கும் அனுமதிச் சீட்டு) கிடைத்தும் நான்கு நாள்கள் மலையேறி இறங்கி, ஒரு விலங்கைக்கூடக் காணாமல் வீடு திரும்பினேன். மூன்றாம் ஆண்டு ஜனவரியில்தான் கை கூடியது. அந்த மூன்று ஆண்டுகளில் நான் இழந்த பணத்துக்கும் விடுப்பு நாள்களுக்கும் குறி தவறியது காரணமன்று; எந்தத் தாளை எப்போது வாங்க வேண்டும் என்பதும், மலைச்சரிவை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியாததே காரணம். ஆகவே இந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன்.

ஹாவலீனா பார்வைக்குப் பன்றி போலிருந்தாலும் பன்றிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பெக்கரி என்னும் தனிக் குடும்பம். முழங்கால் உயரத்துக்குச் சற்று மேல் நிற்கும்; வளர்ந்த விலங்கு ஏறத்தாழ 16 முதல் 27 கிலோ வரை எடை இருக்கும். கருஞ்சாம்பல் நிறமும், தோளைச் சுற்றிப் பட்டை போட்டது போன்ற வெளிர்மயிரும் அதன் அடையாளங்கள். மோப்பம் மிகக் கூர்மை, பார்வை மிக மங்கல், செவி நடுத்தரம் என்ற மூன்றையும் நினைவில் கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் முறைகள் அனைத்தும் இவற்றிலிருந்தே வருகின்றன.

1. முதலில் உங்கள் விசா நிலையைச் சரிபாருங்கள்

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இத்தகைய விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. அந்தத் தடைக்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட வேட்டை உரிமம் கையில் இருப்பது. அதாவது உரிமம் முதலில், துப்பாக்கி அதன் பிறகு. இந்த வரிசை ஒருபோதும் மாறக் கூடாது.

இதில் மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதும் "வைத்திருத்தல்" என்றே கொள்ளப்படும். நண்பர்கள் அழைத்தார்கள் என்று உரிமம் இல்லாமல் போய்விடாதீர்கள். இரண்டாவது, உரிமம் காலாவதியான நாளிலிருந்து, வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கியே உங்களுக்குக் குற்றமாகிவிடும். எனவே புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் படிவம் 4473-இல் குடியுரிமை, விசா நிலை பற்றிய கேள்விகளுக்கு அவசரத்தில் தவறான கட்டத்தைக் குறித்துவிட்டால், அது பொய்த் தகவல் கொடுத்ததாக ஆகிவிடக்கூடும். ஐ-94 எண், கடவுச்சீட்டு, தற்போதைய முகவரியுள்ள அரிசோனா ஓட்டுநர் உரிமம், வேட்டை உரிமம் ஆகிய நான்கையும் எடுத்துச் சென்று, ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்து நிரப்புங்கள். பின்னணிச் சோதனை அன்றே முடிவதும் உண்டு, சில நாள்கள் நிறுத்தி வைக்கப்படுவதும் உண்டு. ஆகையால் வேட்டைக்கு முந்திய வாரத்தில் துப்பாக்கி வாங்கத் திட்டமிடாதீர்கள்.

இந்தச் சிக்கலே வேண்டாம் என்பவர்களுக்கு வில் இருக்கிறது. வில்லும் அம்பும் சட்டப்படி துப்பாக்கி வகையில் வருவதில்லை. நான் வில்லைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம் இதுவே. உங்கள் நிலை பற்றிச் சிறிதளவு ஐயம் இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அந்தக் கட்டணம் வீண் செலவாகாது.

2. வேட்டை உரிமம் வாங்குங்கள்

அரிசோனா வேட்டை மற்றும் மீன்துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி உரிமத்தை வாங்கலாம். விளையாட்டுப் பொருள் கடைகள் சிலவற்றிலும் கிடைக்கும். பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஆறு மாதங்கள் தொடர்ந்து அரிசோனாவைக் குடியிருப்பாகக் கொண்டிருந்தால்தான் உள்ளூர்வாசிக் கட்டணம் பொருந்தும். வேறு மாநிலத்திலிருந்து மூன்று மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்தவர் உள்ளூர்வாசி என்று குறிப்பது பெரும் தவறு.

நான் கட்டியபோது உள்ளூர்வாசிக்கான வேட்டை உரிமம் 37 டாலர்; வெளிமாநிலத்தவருக்கு மீன்பிடிப்பும் சேர்ந்த உரிமம் 160 டாலர். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் விதிக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் வாங்கிய நாளிலிருந்து 365 நாள்கள் செல்லும். குலுக்கலுக்கு விண்ணப்பிக்கும்போதும், பிறகு வேட்டையாடும் நாளிலும் உரிமம் உயிரோடு இருக்க வேண்டும். நவம்பரில் வாங்கிய உரிமம் அடுத்த அக்டோபர் விண்ணப்பத்துக்குப் பயன்பட்டாலும் ஜனவரி வேட்டைக்கு முன்பே தீர்ந்துவிடும். அக்டோபர் தொடக்கத்தில் வாங்கினால் இரண்டுக்கும் ஒரே உரிமம் போதும்.

பெரியவர்களுக்கு வேட்டைக் கல்வி வகுப்பு அரிசோனாவில் கட்டாயமில்லை. 10 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகள் பெரிய விலங்கு வேட்டைக்குச் செல்ல அது கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் நீங்கள் அதைப் படித்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. தமிழ்நாட்டில் வளர்ந்த நம்மில் பெரும்பாலோர் ஆயுதத்தைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆயுதத்தைக் கையாளும் ஒழுங்கை அந்த வகுப்பு முறையாகக் கற்றுக்கொடுக்கிறது. அதோடு குலுக்கலில் டேக் கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டும் போனஸ் புள்ளி ஒன்றும் நிரந்தரமாகச் சேர்கிறது.

3. குலுக்கலுக்கு விண்ணப்பியுங்கள்

உரிமம் மட்டும் இருந்தால் ஹாவலீனாவை வேட்டையாட முடியாது. குறிப்பிட்ட பகுதிக்கும் குறிப்பிட்ட நாள்களுக்கும் உரிய டேக் தனியாக வேண்டும். அது குலுக்கல் முறையில் கிடைக்கும். ஜனவரியில் தொடங்கும் ஹாவலீனா வேட்டையை இளவேனில் பருவ வேட்டை என்பார்கள்; அதற்கான விண்ணப்பக் கெடு வழக்கமாக அக்டோபர் முதற்பாதியில் முடிந்துவிடுகிறது. ஜனவரி வேட்டைதானே, டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இருந்ததே முதல் ஆண்டை இழக்கக் காரணம்.

ஹாவலீனா வேட்டை பொதுவாக மூன்று அடுக்காக வருகிறது. ஜனவரியில் வில் மட்டும். பிப்ரவரியில் கைத்துப்பாக்கி, வில், குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஆகிய மூன்று. அதன் பின் ரைஃபிள் உள்ளிட்ட பொது வேட்டை. விண்ணப்பத்தில் ஐந்து விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தலாம். ஒவ்வொரு விருப்பத்துக்கும் நான்கு இலக்க வேட்டை எண் உண்டு; ஓர் இலக்கம் மாறினால் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பகுதிக்கு டேக் வந்து சேரும். எண்ணை எழுதி வைத்து, கையேட்டோடு ஒப்பிட்டு, பிறகு அனுப்புங்கள்.

விண்ணப்பக் கட்டணமாக 13 டாலர், டேக் கிடைத்ததும் 25 டாலர் கட்டினேன். வெளிமாநிலத்தவருக்கு இவை 15, 100 என இருந்தன. டேக் தொகையைக் குலுக்கல் நேரத்தில் உங்கள் கடன் அட்டையிலிருந்து எடுப்பார்கள். அந்த இடைவெளியில் அட்டை காலாவதியானாலோ, வங்கி புது அட்டை அனுப்பியிருந்தாலோ பணம் செல்லாமல் விண்ணப்பம் தள்ளுபடியாகும் அபாயம் உண்டு. கணக்கில் நுழைந்து அட்டை விவரத்தை மாற்றிவிடுங்கள். குலுக்கலில் கிடைக்கவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். மான், எல்க் டேக்குகளைப் போல் இதற்கு அத்தனை போட்டியில்லை. பல பகுதிகளில் டேக்குகள் மீந்துவிடும், அவை பின்னர் முந்தி வருபவருக்கு விற்கப்படும்.

4. இடத்தை முன்கூட்டியே நடந்து பாருங்கள்

வேட்டைக்காக மாநிலம் எண்ணிட்டுப் பிரித்துள்ள பகுதிகளில், நான் சாண்ட்லரில் வசிப்பதால் 37பி பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். ஃபுளோரன்ஸ் ஊருக்குத் தென்கிழக்கே டார்ட்டில்லா மலைகளைச் சுற்றியுள்ள நிலம் அது. வீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம். டூசான் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்டலினா மலைகளை உள்ளடக்கிய 33-ஆம் பகுதியும், எல்லையோரத்தில் 36-ஆம் எண் பகுதிகளும் உள்ளன.

நில உரிமையைச் சரிபார்க்காமல் எங்கும் கால் வைக்காதீர்கள். தேசியக் காடுகளிலும் கூட்டரசின் நில மேலாண்மைத் துறையின் நிலங்களிலும் பெரும்பாலும் தடையில்லை. மாநில அறக்கட்டளை நிலத்தில் வேட்டை உரிமம் உள்ளவர் வேட்டைக்காக நுழையலாம். ஆனால் அதே நிலத்தில் குடும்பத்தோடு உலாப் போக வேண்டுமென்றால் தனி அனுமதி தேவை. சவாரோ தேசியப் பூங்காவில் வேட்டை கிடையாது. சான் கார்லோஸ் அப்பாச்சி, டொஹோனோ ஓ'ஓதாம் போன்ற பழங்குடியினரின் நிலங்களில் மாநில உரிமம் செல்லாது. நில உரிமை எல்லையைக் காட்டும் வரைபடச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி, இணைப்பு இல்லாத இடத்திலும் வேலை செய்யும்படி வரைபடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில தடைகள் புதியவர்களைச் சிக்க வைக்கின்றன. தீனி போட்டு விலங்கை வரவழைப்பது குற்றம். வேட்டைக்காகத் தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டுவது 2022 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது; பழைய காணொளிகளைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கால்நடைகளோ காட்டு விலங்குகளோ குடிக்கும் நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து கால் மைலுக்குள், உரிமையாளரின் அனுமதி இல்லாமல், வேட்டைக்காகத் துப்பாக்கி சுடக் கூடாது.

டிசம்பரில் இரண்டு வார இறுதிகளை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு மந்தை பெரும்பாலும் சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள்ளேயே ஆண்டு முழுவதும் சுற்றி வருவதால், டிசம்பரில் தடம் கண்ட இடம் ஜனவரியில் உங்களை ஏமாற்றுவது அரிது.

5. தடத்தைப் படியுங்கள்

இங்கே நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஹாவலீனாவின் உணவும் உறைவிடமும் நமக்குப் பழகிய செடிகள்தாம். அதன் முதன்மை உணவு சப்பாத்திக்கள்ளி. பகலில் அது படுக்கும் முட்புதர்க் காடு, நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட். ஆனைக்கற்றாழை இனத்துச் செடிகளின் குருத்தையும் தோண்டித் தின்னும். இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரையில் நடந்தவருக்கு இந்தக் காடு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

சப்பாத்திக்கள்ளி மடலை அருகில் குனிந்து பாருங்கள். முயல் கடித்திருந்தால் விளிம்பு வெட்டினாற்போல் சீராக இருக்கும். ஹாவலீனா மடலைப் பல்லால் கவ்வி இழுத்துக் கிழிப்பதால், விளிம்பு பிய்ந்து, உள்நார் நூல் நூலாகத் தொங்கும். அந்த நார் பச்சையாக ஈரம் கசிந்துகொண்டிருந்தால் மந்தை அன்றோ முந்திய இரவோ அங்கே இருந்திருக்கிறது. பழுப்பேறிச் சுருண்டிருந்தால் நாள்கள் கடந்துவிட்டன. குளம்படி இரண்டு பிளவாக, முனை மழுங்கி, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் போகாது. மானின் அடி இதைவிட நீண்டு முனை கூர்ந்திருக்கும். மணல் ஓடைகளில் இவை தெளிவாகப் பதியும். காற்றில் கடுமையான கஸ்தூரி நெடி வீசினால் அங்கேயே நின்றுவிடுங்கள். மந்தை அண்மையில் இருக்கிறது.

6. உட்கார்ந்து தேடுங்கள், நடந்து தேடாதீர்கள்

இரண்டாம் ஆண்டு நான் நான்கு நாள்களில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் நடந்தேன். விடியுமுன் எழுந்து, இருட்டோடு நடக்கத் தொடங்கி, ஒவ்வொரு ஓடையாக அலசினேன். என் வாடை எனக்கு முன்னால் சென்று, நான் போய்ச் சேரும் முன்பே அவற்றை எழுப்பிவிட்டது என்பது பின்னர்தான் விளங்கியது.

ஹாவலீனாவுக்குக் குளிர் தாங்காது. அதன் மயிர் முரடாக இருந்தாலும் அடர்த்தி குறைவு. உறைபனி இரவில் மந்தை முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும். வெயில் பட்ட பிறகே எழும். ஆகவே குளிர்ந்த ஜனவரி காலையில் எட்டு மணி முதல் பதினொரு மணி வரையான நேரமே பொன்னான நேரம். தெற்கும் கிழக்கும் நோக்கிய சரிவுகளில் வெயில் முதலில் விழும். எதிர்த் திட்டில் உட்கார்ந்து அவற்றைப் பாருங்கள்.

பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்ப்பது போதாது. பத்து மடங்கு பெருக்கம் உள்ளதை முக்காலியில் பூட்டிப் பாருங்கள். கை நடுக்கம் இருந்தால் அசைவு தெரியாது. அசைவு தெரியாவிட்டால் அது கல்லாகவே தோன்றும். சரிவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, முடிந்ததும் மீண்டும் முதற்கட்டத்திலிருந்து தொடங்குங்கள். மூன்றாம் ஆண்டின் இரண்டாம் நாள், ஒன்பதரை மணி அளவில், முன்பே இரண்டு முறை பார்த்துக் கடந்த ஒரு கள்ளிப் புதரருகே, கருங்கல் என்று நான் எண்ணியது தலையைத் தூக்கியது. மேற்கொண்டு பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தபோது அந்தப் புதரைச் சுற்றி ஏழு விலங்குகளை எண்ணினேன். அந்த இடத்திலிருந்து நான் ஓர் அடிகூட நகர்ந்திருக்கவில்லை.

7. காற்றைப் பார்த்து நெருங்குங்கள்

பார்வை மங்கல் என்பதால் அசையாமல் நின்றால் இருபது அடியிலும் உங்களைக் கவனிக்காமல் இருந்துவிடும். ஆனால் காற்று ஒரு முறை உங்கள் முதுகிலிருந்து வீசினால் எல்லாம் முடிந்தது. காலைக் குளிரில் காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறிய பின் கீழிருந்து மேலேறும். இந்த மாற்றம் நடக்கும் நேரத்தில் அவசரப்படாமல் காத்திருங்கள். மெல்லிய பவுடர்க் குப்பி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தூவிக் காற்றின் போக்கைப் பாருங்கள். மந்தை மேயும்போது தலை குனிந்து, கள்ளி மெல்லும் ஓசை எழும். அந்த நேரத்தில் நகருங்கள், ஓசை நின்றால் நில்லுங்கள்.

மந்தை கலைந்து நாலாபக்கமும் ஓடினால் அவற்றுள் ஒன்று உங்களை நோக்கியே வரக்கூடும். அது பெரும்பாலும் தாக்குதலன்று, கண் தெரியாத ஓட்டம். பல்லை நறநறவென்று அடிக்கும் ஒலி கேட்டால் வழிவிட்டு விலகி நில்லுங்கள்.

வில்லுக்குச் சட்டப்படி இழுவிசை குறைந்தது 30 பவுண்டும், அம்பின் வெட்டுமுனை குறைந்தது ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு அகலமும் இருக்க வேண்டும். என்னளவில் முப்பது கஜத்துக்கு மேல் எய்வதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். உயிர்நிலை ஒரு சிறு தட்டளவே. அது உடலின் கீழ்ப்பாதியில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. முதுகு மயிர் சிலிர்க்கும்போது உடல் பெரிதாகத் தோன்றுவதால் புதியவர்கள் உயரமாகக் குறி வைத்துக் காயப்படுத்திவிடுகிறார்கள். மயிரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். செம்பழுப்பு நிறக் குட்டி தாயின் காலடியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். இவை எந்த மாதத்திலும் ஈனக்கூடியவை; ஆண் பெண் வேறுபாடு தொலைவிலிருந்து தெரியாது. குட்டி ஒட்டி நிற்கும் விலங்கை விட்டுவிடுவதே முறை.

8. வீழ்ந்த பின் முதல் ஒரு மணி நேரம்

டேக்கை உடனே விலங்கோடு கட்டுங்கள். படம் எடுப்பதெல்லாம் பிறகு. கையுறை அணியாமல் தொடாதீர்கள், மடியில் வைத்துப் படம் எடுக்காதீர்கள். உடல் குளிரத் தொடங்கியதும் அதன் உண்ணிப்பூச்சிகளும் தெள்ளுப்பூச்சிகளும் வெளியேறி அருகிலுள்ள சூடான உடலைத் தேடும்.

இறைச்சி நாறுகிறது என்று பலர் சொல்வதற்கு ஒரே காரணம், பின்முதுகில் வாலுக்குச் சற்று மேலே உள்ள வாசனைச் சுரப்பி. அதைத் தனியாக வெட்டி எடுக்க முயலாதீர்கள்; கத்தியில் பட்ட கசிவு வெட்டும் இடமெல்லாம் பரவும். சுரப்பி தோலோடு ஒட்டியிருப்பதால் தோலை உரித்தால் அதுவும் சேர்ந்தே வந்துவிடும். தோலைத் தொட்ட கையுறையைக் கழற்றி எறிபையில் போட்டு, புதுக் கையுறையும் வேறு கத்தியும் எடுத்துக்கொண்டு இறைச்சியைத் தொடுங்கள். ஜனவரியிலும் நண்பகல் வெயில் இருபது பாகையைத் தொடும் என்பதால் வண்டியில் பனிக்கட்டி நிரப்பிய பெட்டி தயாராக இருக்கட்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டு வருவது சட்டப்படி குற்றம்.

தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர், சோய்யா கள்ளியின் முள்ளுருண்டைகளைத் தட்டி எடுக்க ஒரு பல் அகன்ற சீப்பு, முள் பிடுங்க ஒரு குறடு ஆகியவை எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

9. சமையல்

எனக்குக் கிடைத்த நடுத்தர விலங்கில் ஏழு கிலோ அளவுக்கு எலும்பில்லாத இறைச்சி தேறியது. கொழுப்பு மிகக் குறைவு என்பதால் வாணலியில் வறுத்தால் நாராகிவிடும். மிளகும் இஞ்சியும் பூண்டும் அரைத்துப் பூசி ஓர் இரவு வைத்து, குக்கரில் ஏழு விசில் வரை விட்டு, பிறகு நீர் வற்றப் பிரட்டினால் மிருதுவாக வருகிறது. எந்த முறையில் சமைத்தாலும் உட்பகுதி 71 பாகை செல்சியஸை எட்ட வேண்டும். காட்டு விலங்கில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும். மீதத்தை அரைக் கிலோப் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி, தேதியையும் எந்தப் பாகம் என்பதையும் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். தொடைக்கறியைவிடத் தோள்கறிக்கு இரண்டு விசில் கூடுதலாகத் தேவைப்படும். இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கலக்காதீர்கள்.